சோனியா நீட்டிய கை

கெட்ட குமாரன் உவமையைச் சிறு வயதிலிருந்து எத்தனையோ ஞாயிறு ஆராதனைகளில் கேட்டிருக்கிறேன். பன்றித் தவிட்டுக்கு ஏங்கியவன் வீடு திரும்புகிறான். தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். தேவ அன்புக்கு நிபந்தனை கிடையாது என்பார் போதகர். நாங்கள் ஆமென் சொல்வோம். அந்தத் தகப்பன் ஓடிய ஓட்டம் எனக்கு நெஞ்சில் உறைத்தது கோயிலில் அல்ல. 'குற்றமும் தண்டனையும்' நாவலில், பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஒண்டுக்குடித்தன அறை ஒன்றில்.

தஸ்தயேவ்ஸ்கி 1866இல் எழுதிய இந்தக் கதையைக் காதல் கதை என்று யாரும் சொல்வதில்லை. படிப்பை விட்ட மாணவன் ரஸ்கோல்நிகோவ், அடகுக்கடைக் கிழவியைக் கோடரியால் கொல்கிறான். எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட அவள் தங்கை லிஸவெதாவையும் வெட்டிப்போடுகிறான். சோனியா குடிகாரத் தகப்பனின் மகள். சித்தியின் குழந்தைகள் பசியில் அழுததால் ஒரு மாலை வெளியே போனாள். திரும்பி வந்து 30 வெள்ளி ரூபிள்களை மேசைமேல் வைத்துவிட்டு, சால்வையால் தலையை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முதல் மஞ்சள் அட்டைக்காரி, அதாவது போலீசில் பதிவான விலைமகள். 30 வெள்ளி என்றதும் யூதாஸ் நினைவுக்கு வருவான். அவன் இன்னொருவரை விற்றான். இவள் மற்றவர்களுக்காகத் தன்னையே விற்றாள்.

இந்த நாவலைப் பேசுபவர்கள் பெரும்பாலும் லாசரு காட்சியைத்தான் சொல்வார்கள். எரிந்து தீரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மரித்தவன் எழுந்த கதையை யோவான் சுவிசேஷத்திலிருந்து சோனியா அவனுக்கு வாசிக்கும் இடம். விலைமகள் வேதம் வாசிப்பதா என்று பத்திரிகை ஆசிரியர்கள் மறுக்க, தஸ்தயேவ்ஸ்கி அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அழகான காட்சிதான். ஆனால் ஆசிரியரின் குரல் அங்கே கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். அவருடைய கைத்திறன் முழுதாகத் தெரிவது, அவன் அவளிடம் உண்மையைச் சொல்ல வரும் மறுநாள் காட்சியில்.

லிஸவெதா சாகும் கணத்தைக் கவனியுங்கள். கோடரி தலைக்கு மேலே நிற்கிறது. முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பயந்த குழந்தைபோல இடது கையை மட்டும் மெல்ல முன்னே நீட்டுகிறாள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் தாண்டி, கொன்றவன் யார் என்பதை ரஸ்கோல்நிகோவ் வாய்விட்டுச் சொல்லவில்லை, பார் என்கிறான். சோனியா பார்க்கிறாள். புரிந்த நொடியில் அவளும் இடது கையை நீட்டுகிறாள், விரல்கள் அவன் மார்பில் பட்டும் படாமலும். அதே பயம், அதே குழந்தை முகம். அவன் கண்ணுக்கு அவள் லிஸவெதாவாகவே தெரிகிறாள். செத்துப்போனவள் சோனியாவின் தோழி. லாசரு கதையை வாசித்த புத்தகமே அவள் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

இனி என்ன நடக்க வேண்டும்? அலறி ஓடலாம், ஆளைக் கூப்பிடலாம். சோனியா அவன் முன்னால் மண்டியிடுகிறாள். அவனுக்கு அவனே இழைத்துக்கொண்ட கேட்டை நினைத்துக் கதறி, எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். ஏன் செய்தாய் என்ற கேள்வியெல்லாம் பிறகுதான் வருகிறது. தள்ளிவிடுவதற்காக நீண்ட கை, சில வரிகளுக்குள் அணைக்கும் கையாகிவிடுகிறது. இடையில் அவன் வருந்தவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. இதைச் சொன்ன பிறகும் கட்டிக்கொள்கிறாயே என்று அவனே திகைக்கிறான். முதல்முறை இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நிபந்தனையில்லா அன்பு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் சோனியாவைப் பார்க்க வேண்டும். நாற்சந்திக்குப் போ, நீ கறைப்படுத்திய மண்ணை முத்தமிடு, கொன்றேன் என்று உரக்கச் சொல் என்கிறாள். அவன் போலீஸ் நிலையத்துக்குப் போகும்போது ஒளிந்து ஒளிந்து பின்னாலேயே வருகிறாள். உள்ளே போனவன் சொல்லாமலே திரும்பிவிடுகிறான். வாசலில் வெளிறிப்போய் நிற்கிறாள் அவள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மறுபடி படியேறுகிறான்.

எட்டு ஆண்டு சைபீரியத் தண்டனைக்கும் கூடவே போகிறாள். இதன் வேர் தஸ்தயேவ்ஸ்கியின் சொந்த வாழ்விலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். 1850இல் விலங்கோடு அவர் சைபீரியா போனபோது, தொபோல்ஸ்க் ஊரில் சில பெண்கள் அவருக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். நாடுகடத்தப்பட்ட கணவர்களோடு தாங்களாகவே பல ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்து குடியேறியவர்கள் அவர்கள். அந்தப் புத்தகம் நான்கு ஆண்டு சிறைவாசத்தில் அவர் தலையணைக்கடியில் இருந்தது. 1881இல் அவர் இறக்கும்வரை கூடவே இருந்தது.

ரஸ்கோல்நிகோவின் தலையணைக்கடியிலும் ஒரு புதிய ஏற்பாடு இருக்கிறது. மதம் பேசித் தன்னை நச்சரிப்பாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவள் ஒருநாளும் பேசவில்லை. அவனாகக் கேட்டபோது கொண்டுவந்து கொடுத்தாள், அவ்வளவுதான்.

அங்கேயும் அந்தக் கை வருகிறது. பார்க்க வரும்போதெல்லாம் சோனியா தயங்கித் தயங்கிக் கையை நீட்டுவாள். உதறிவிடுவானோ என்று பயந்து சில நாள் நீட்டாமலே நிற்பாள். அவனும் வேண்டாவெறுப்பாகத்தான் அதைத் தொடுவான். மற்றக் கைதிகள் அவளை அம்மா என்று கூப்பிடுகிறார்கள். இவனோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் மறுபடி வருகிறாள்.

ஈஸ்டர் முடிந்து சில வாரம். அதிகாலை, அகன்ற ஆற்றின் கரை. உடம்பு சரியில்லாமல் கிடந்து எழுந்த சோனியா பழைய கம்பளிச் சால்வையோடு வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறாள். வழக்கம்போலக் கூச்சத்தோடு கையை நீட்டுகிறாள். இந்த முறை அவன் அதை விடவில்லை. காவலாளி அந்த நேரம் வேறு பக்கம் திரும்பியிருந்தான்.