மருமக்கள்வழி மான்மியமும் பெண்ணுரிமையும்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் இயற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' 1917-18ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் தொடர்ந்து வெளிவந்து, 1942இல் நூலுருப் பெற்றது. நகைச்சுவை நூலென்றும் சீர்திருத்த நூலென்றும் இதனைப் போற்றுவார் பலர். பெண்ணும் சட்டமும் பற்றிப் பயிலும் சட்டக் கல்லூரி மாணவர்க்கும் இது சான்றாகத்தக்கதே. ஆயினும் அச்சான்று யாருடைய சான்று என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும்.

நூல் ஒரு பெண்ணின் கூற்றாக அமைந்தது. காரணவன் ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள், கணவன் பொருள் தன் மக்கட்கு வாராது அவன் உடன்பிறந்தாள் மக்கட்கே செல்லும் எனப் புலம்புகின்றாள். இதனைக் கற்போர், மருமக்கள்தாயம் பெண்ணுக்கே பகையான முறை என முடிவு கட்டுவர். இம்முடிபு பாதி உண்மையே என்பது நம் கருத்து. அம்முறையில் குடும்ப உரிமை பெண்வழியே இறங்கியது. மனைவியாகிய நிலையில் ஏதுமற்றவள், உடன்பிறந்தாளாகிய நிலையில் பிறந்தகத்தில் உரிமையுடையாள். காரணவனின் உடன்பிறந்தாள் காத்து நிற்பதும் அத்தகைய உரிமையே. அவள் கேட்பது பேராசையாகத் தோன்றுவது, கதையை மனைவி சொல்வதனாலாம். 'மாமி அரசியல்' எனப் படலத்துக்குப் பெயர் அமைந்ததும் மருமகள் நோக்கே. மாமி வாய் திறந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

அங்ஙனமாயின் இம்மனைவியின் துயர் பொய்யோ? அன்று. மலையாள நாட்டு நாயர் குடிகளிற் பெண் பெரும்பாலும் தன் தாய்வீட்டிலேயே வாழ்ந்தாள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அவள் கணவன் இல்லம் புகுந்தாள். உரிமை ஓரிடத்தும் உறைவு பிறிதோரிடத்தும் ஆயின. தாயமுறை ஒன்றையே பழிப்பார் இவ்வேறுபாட்டை நோக்கிலர். மனைவி மக்களின் இடர் தீர்க்க வழக்காறு சில வழிகளை வகுத்திருந்தது. மக்கள் தந்தைவழியிற் பெறும் பகுதி உகந்துடைமை எனவும், கைம்பெண்ணும் மணம் விலக்கப்பெற்றவளும் பிழைப்புக்காகப் பெறுவது நங்குடைமை எனவும் வழங்கின. இச்சொற்களை அறியாது மான்மியத்தைக் கற்பவர் அதன் நகையை உணர்வர், வழக்கை உணரார்.

'கோடேறிக் குடிமுடித்த படலம்' தனியே நோக்கத்தக்கது. கோடு என்பது அந்நாட்டு வழக்கில் நீதிமன்றம். வளைவு என்னும் பழம்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. கவிமணி இரண்டையும் எண்ணியே வைத்தார் போலும். வழக்கோ காரணவர்க்கும் மருமக்கட்கும் இடையது. அதனாற் குடி அழிவதைக் கண்டு உரைப்பவள் பெண். மன்றில் அவளுக்கு இடமில்லை. சட்ட மாணவர் வேறெப்பகுதியைக் காட்டிலும் இதனையே ஊன்றிக் கற்றல் வேண்டும்.

1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி, மனைவி மக்கட்கு உரிமையும் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ளும் வழியும் அளித்தது. மான்மியம் இம்மாற்றத்துக்குத் துணைசெய்தது என்பர், மறுப்பதற்கில்லை. ஆயின் தாய்வழி நீங்கித் தந்தைவழி வந்ததனாலேயே பெண் உய்ந்தாள் எனல் பொருந்தாது. இதற்குச் சான்று அதே நாட்டில், அதே காலத்தில் உளது. மான்மியம் வெளிவரத் தொடங்குதற்கு ஓராண்டு முன், 1916இல், திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம் பிறந்தது. தந்தை இறுதிமுறி எழுதாது இறப்பின், மகன் பெறுவதில் நாலிலொரு பங்கோ ஐயாயிரம் ரூபாயோ, எது குறைவோ அதுவே மகளுக்கு என அது வரையறுத்தது. தந்தைவழியில் மகள் பெற்றது இவ்வளவே! 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் இச்சட்டம் அங்கு நிலவிற்றா என்பது வழக்காயிற்று. நிலவும் என்றே சென்னை உயர் நீதிமன்ற ஆயம் தீர்ப்பளித்தது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம் செல்லும் எனத் தெளிவித்த பின்னரே மகளுக்குச் சமபங்கு உறுதியாயிற்று.

பக்கத்து வீட்டுக் கிறித்தவ மகளுக்கு மான்மியம் பாட அன்று ஒருவரும் முன்வந்திலர். காரணவனின் உடன்பிறந்தாளுக்கும் அவ்வாறே.