மறைந்த அங்கங்களும் மக்கள் நினைவும்: ஒரு தொடர் நாடகத்தின் இரசிகரை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

இழந்த நூல்களைப் பற்றிப் பேசுவது தமிழாய்வுக்குப் புதியதொன்றன்று. வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு முழுமையாகக் கிடைத்தில. உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள்களும் புறத்திரட்டு முதலிய தொகைநூல்களிற் சேர்க்கப்பெற்ற செய்யுள்களுமே அவற்றின் இருப்புக்குச் சான்றாகியுள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமி இவ்வாறு அழிந்தொழிந்த நூல்களின் விபரங்களைத் திரட்டி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' எனத் தனிநூலே இயற்றினார். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்த வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயினும் இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கறையானையும் நெருப்பையும் ஆற்றுவெள்ளத்தையுமே குற்றவாளிகளாக நிறுத்துவர். எதனைப் படியெடுப்பது, எதனைக் கைவிடுவது என்று தீர்மானித்த சமூக சக்திகள் யாவை என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

அவ்வினாவைத் தெளிவுற எழுப்புவதற்கு ஏட்டுச்சுவடிகளிலும் பார்க்க அண்மைக்காலச் சான்றொன்று நமக்கு உதவும். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி. 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கிற்று. காலத்தையும் வெளியையும் கடந்து பயணஞ்செய்யும் வேற்றுலகத்தான் ஒருவனைப் பற்றியது அத்தொடர். 1989இல் நிறுத்தப்பட்டு 2005இல் மீளத் தொடங்கிய அது, உலகின் மிக நீண்ட விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களுள் முதன்மையானது. அதன் முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான அங்கங்கள் 253. அவற்றை ஆக்கிய நிறுவனமே பின்னர் அவற்றின் மூல நாடாக்களை அழித்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1978 வரை இவ்வழிப்பு நிகழ்ந்தது.

இதற்குக் கூறப்படும் காரணங்களை நிரல்படுத்தி நோக்கினால் அவற்றின் பொருளாதார அடிப்படை புலனாகும். ஒளிப்பதிவு நாடா விலை மிகுந்தது. அழித்துவிட்டு மீளவும் பயன்படுத்தத் தக்கது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின்னர் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளுக்குச் சந்தை சுருங்கிற்று. நடிகர் சங்கத்துடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகள் மறு ஒளிபரப்பை மட்டுப்படுத்தின. இவற்றுள் மூன்றாவது காரணத்தைக் காட்டித் தொழிலாளர் மீது பழிசுமத்த முனைவோரும் உளர். மறு ஒளிபரப்பு மிகுந்தால் புதிய நாடகங்களும் அவற்றால் வரும் வேலையும் குறையும் என்பதாலேயே நடிகர் அவ்வரையறையை வேண்டினர். ஒளிபரப்பாதிருத்தல் வேறு, அழித்தல் வேறு. இரண்டாவது முடிவை எடுத்தவர்கள் கலைஞர்களல்லர். விற்பனைப் பெறுமதி தீர்ந்ததும் பயன்பெறுமதியும் தீர்ந்துவிட்டதெனக் கருதுவது முதலாளித்துவப் பண்ட உற்பத்தியின் இயல்பான கணக்கு. பொது நிதியில் இயங்கிய ஒரு நிறுவனமும் அக்கணக்கையே தன் கணக்காகக் கொண்டது என்பதே இங்கு மனங்கொளத்தக்கது.

இனி, எஞ்சியவை எவ்வாறு எஞ்சின என நோக்குவோம். அயல்நாடுகளுக்கு விற்பதற்கென எடுக்கப்பட்ட 16 மில்லிமீற்றர் படச்சுருள்கள் ஹொங்கொங், சைப்பிரஸ், நைஜீரியா, சாம்பியா, அவுஸ்திரேலியா முதலிய இடங்களுக்குச் சென்றன. ஒரு காலத்திற் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த நாடுகளே இச்சந்தையிற் பெரிதும் இடம்பெற்றன. மையத்தில் அழிந்தது விளிம்பில் எஞ்சிற்று. 2013ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்ட ஒன்பது அங்கங்களும் நைஜீரியாவின் ஜொஸ் நகரிலுள்ள தொலைக்காட்சி அஞ்சல் நிலையமொன்றின் களஞ்சிய அறையிலிருந்தே மீண்டன. அதன் பின்னரும் 97 அங்கங்கள் காணாமற்போனவையாகவே எஞ்சின.

காட்சி மறைந்தபோதும் அந்த 97 அங்கங்களின் ஒலி முழுவதும் கிடைக்கின்றது. அதனைக் காத்தவர்கள் இரசிகர்கள். 1960களில் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்துப் பதிவுசெய்த இளைஞர் சிலரின் நாடாக்களே இன்று மூலச்சான்று. ஜோன் குரா என்பார் திரையில் தோன்றிய காட்சிகளை நிழற்படமெடுத்து விற்றுவந்தார், அப்படங்களும் துணையாயின. உரையாசிரியரின் மேற்கோள் வளையாபதிக்கு ஆற்றிய பணியை இவ்வொலிநாடாக்கள் இத்தொடருக்கு ஆற்றின எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு. உரையாசிரியர் கற்றோர் மரபின் பிரதிநிதி. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த இளைஞனோ வெறும் நுகர்வோன் என்று நிறுவனத்தால் எண்ணப்பட்டவன். நுகர்வோன் எனப்பட்டவனே காப்பாளனாக மாறினான் என்பது வெகுசனக் கலை பற்றிய நமது கோட்பாடுகளைத் திருத்தவேண்டிய செய்தியாகும். வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் மக்களை மயக்கத்தில் ஆழ்த்துகின்றன என்று மட்டும் கூறி அமைவோர், இவ்வுழைப்பை எந்த வகைக்குள் அடக்குவர்?

எனினும் இரசிகரைப் போற்றி நின்றுவிடுவது விமர்சனமாகாது. வால்ற்றர் பெஞ்ஜமின் 1936இல் வெளியான தமது புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திரப் படியெடுப்பினாற் கலைப்பொருளின் தனித்துவத் திருவொளி மங்குகின்றது என விளக்கினார். இங்கு நிகழ்ந்ததோ அதன் மறுதலை. எண்ணற்ற பிரதிகளாகப் பெருகவேண்டிய ஒன்று, பிரதிகள் அழிக்கப்பட்டமையால் ஒற்றைப் பொருளாகியது. ஒற்றைப் பொருளானதும் இழந்த திருவொளி அதனைச் சூழ்ந்துகொண்டது. தனிச்சேகரிப்பாளர் சிலர் பிரதிகளைப் பதுக்கிவைத்துள்ளனர் என்ற வதந்தி பல்லாண்டுகளாக நிலவுவதும் இக்காரணம் பற்றியே. அரிதானமை மதிப்பாகவும், மதிப்பு சொத்தாகவும் மாறும் செயன்முறை இது.

இத்திருவொளி கலை மதிப்பீட்டையும் திரிக்கவல்லது. இரண்டு கதைகளை ஒப்பிட்டுக் காட்டலாம். 1967இல் ஒளிபரப்பான 'சைபர்மன்களின் கல்லறை' என்னும் நான்கு அங்கக் கதை நெடுங்காலம் காணக்கிடைக்காதபோது ஒப்பற்ற படைப்பெனப் பேசப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஹொங்கொங்கிலிருந்து அது மீண்டபின், பேச்சு அரிதாகவும் உடல்வலிமை மிகுதியாகவும் படைக்கப்பட்ட கறுப்பினப் பணியாளன் ஒருவனின் பாத்திரம் பலர் கண்ணை உறுத்திற்று. நினைவில் நின்ற கதையிலே அவனது இடம் இவ்வாறு தோன்றவில்லை. மறுபுறம், டேவிட் விற்றேக்கர் எழுதிய 'உலகின் பகைவன்' 1967 இறுதியிலும் 1968 தொடக்கத்திலும் ஆறு அங்கங்களாக வந்தது. நெடுங்காலம் மூன்றாவது அங்கம் மட்டுமே எஞ்சியிருந்தமையால் அது சாதாரணக் கதையென ஒதுக்கப்பட்டிருந்தது. 2013இல் முழுமையாகக் கிடைத்ததும் மதிப்பு உயர்ந்தது. சூரிய சக்தியைக் குவித்து உலகுக்கு உணவளிப்பவனாகத் தோன்றும் ஒருவன், நிலத்தின் கீழே ஒரு கூட்டத்தை அடைத்து வைத்துள்ளான். மேலே அணு யுத்தம் நடைபெறுகின்றதென நம்பி அவர்கள் அவனுக்காக உழைக்கின்றனர். அவர்களது உழைப்பே மேலே நிலநடுக்கமாகவும் எரிமலையாகவும் வெடிக்கின்றது. பொய்யான உணர்வுநிலையில் வைக்கப்பட்ட உழைப்பாளர் தம்மைப் போன்றோரின் அழிவுக்கே கருவியாகும் நிலையை இதனிலும் எளிதாக விளக்கும் உருவகம் வெகுசனப் புனைகதையில் அரிது. பிரதி கையிலில்லாத விமர்சனம் ஒன்றை மிகையாகப் புகழ்ந்தது; மற்றொன்றைக் காணாமலே விட்டது. இழந்ததெல்லாம் சிறந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று. ஆதலால் பிரதியைத் தேடுவது உணர்ச்சிவசமான பொழுதுபோக்கன்று, விமர்சனத்தின் முன்நிபந்தனை.

மீட்கப்பட்டவை பின்னர் என்னவாயின என்பதையும் கூறவேண்டும். 2013இல் மீண்ட அங்கங்கள் உடனடியாகவே இணையவழி விற்பனைக்கு வந்தன. இரசிகரின் ஒலிநாடாக்களை அடிப்படையாகக் கொண்டு மறைந்த கதைகள் அசைவுச் சித்திரங்களாக ஆக்கப்பட்டு விற்கப்படுகின்றன. 2016இல் வந்த 'டாலெக்குகளின் வல்லமை' அத்தகையது. பண்டமாக ஆக்கி, பயனற்றதென எறிந்து, எறிந்ததைப் பிறர் காத்தபின் மீண்டும் பண்டமாக்குதல் என்ற வட்டம் இவ்வாறு நிறைவுறுகின்றது.

இவையெல்லாம் இலண்டன் செய்திகள்தாமே, நமக்கென்ன என வினவலாம். திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கிண்ணியாவை அடுத்துள்ள குறிஞ்சாக்கேணியிலிருந்து நோக்கும்போது இது அயற்செய்தியாகத் தோன்றவில்லை. நைஜீரியாவின் அஞ்சல் நிலையத்தைப் போன்றதொன்று இம்மாவட்டத்திலும் இருந்தது. ஜேர்மன் வானொலி 1980களில் இங்கு நிறுவிய சிற்றலை அஞ்சல் நிலையம், ஜொஸ் நகரக் கண்டெடுப்பு அறிவிக்கப்பட்ட அதே 2013இல், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. பிறர் குரலை உலகுக்கு அஞ்சல் செய்த மண் இது. இம்மண்ணின் மக்கள் கேட்ட குரல்கள் எங்கே?

இலங்கைத் தமிழர்க்குத் தொலைக்காட்சித் தொடருக்கு முன்னரே வானொலித் தொடர் இருந்தது. 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் வளர்த்த வானொலி நாடக மரபும், அவர் காலத்து 'லண்டன் கந்தையா'வும், சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' ஆகியனவும் வாரந்தோறும் ஊரைக் கட்டிப்போட்டவை. 'தணியாத தாகம்' நூலுருவிலும் கிடைக்கின்றது. 'கோமாளிகள்' 1976இல் திரைப்படமுமாயிற்று. ஆனால் அச்சு குரலாகாது. ஒலிபரப்பான அங்கங்களுள் இன்று ஆய்வாளன் கைக்கு எட்டுபவை மிகச் சிலவே.

இவ்விழப்பின் விமர்சன விளைவு பாரதூரமானது. 'கோமாளிகளின் கும்மாளம்' யாழ்ப்பாணப் பேச்சையும் முஸ்லிம் பேச்சையும் சிங்களவர் பேசும் தமிழையும் ஒரே மேடையில் நிறுத்தியது. ராம்தாஸ் ஏற்ற மரைக்கார் பாத்திரத்தைக் கேட்டுக் கிண்ணியா மக்களும் சிரித்தனர். அச்சிரிப்பு தம்மைக் கண்டு மகிழ்ந்த சிரிப்பா, தம்மைக் கேலிசெய்தவரோடு சேர்ந்து சிரிக்க நேர்ந்த சிரிப்பா? இனங்களுக்கிடையிலான உறவை ஆராய்வோர்க்கு இது சிறு வினாவன்று. உச்சரிப்பிலும் இடைநிறுத்தத்திலுமே இதற்கான விடை தங்கியுள்ளது. அங்கம் அங்கமாகக் கேளாமல் தீர்ப்புக் கூறுவோர், 'சைபர்மன்களின் கல்லறை'யைக் காணாமற் புகழ்ந்தோரின் தவற்றையே செய்வர்.

ஓர் ஒப்புமையின் எல்லையையும் இங்கு சுட்டவேண்டும். அங்கே காணாமற்போனவை 97 அங்கங்கள். இங்கே 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. எண்களின் ஒற்றுமை தற்செயலானது. காரணங்களின் வேற்றுமை தற்செயலானதன்று. அங்கே கணக்கேடு அழித்தது. இங்கே இன ஒடுக்குமுறை அழித்தது. கிண்ணியாப் பகுதியில் வீட்டு அலுமாரிகளிற் கிடந்த ஒலிநாடாக்களுக்குப் போர்க்கால இடப்பெயர்வுகளும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் பகையாயின. ஓடும்போது எவரும் ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. நினைவைக் காப்பதற்கும் ஓரளவு பாதுகாப்பான வாழ்வு வேண்டும் என்பதை இரசிகரை மட்டும் வியப்போர் மறந்துவிடுகின்றனர்.

இருந்தும் கைகட்டி இருத்தல் தகாது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், தன்னார்வலர் உழைப்பினால் அச்சுப் பிரதிகளைப் பொதுவுடைமையாக்கும் வழியைக் காட்டியுள்ளது. அவ்வழியைக் குரலுக்கும் விரிக்கவேண்டும். முதலாவதாக, வீடுகளிலும் வானொலி திருத்துமிடங்களிலும் எஞ்சிய நாடாக்களைத் தேடிப் படியெடுத்தல். இரண்டாவதாக, நாடா கிடைக்காதவிடத்து முதிய நேயர்களின் நினைவுகளைச் சான்றாகப் பதிவுசெய்தல். மூன்றாவதாக, கிடைத்தவற்றை ஒரே இடத்திற் பூட்டிவைக்காது பல இடங்களிற் பரப்பிவைத்தல். டொக்டர் ஹூவின் அங்கங்களைக் காத்தது பிரதிகளின் பரவலே. சங்க நூல்களைக் காத்ததும் அதுவே.

நேயர் என்போர் நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து செல்பவர்கள் என்றே நமது இலக்கிய வரலாறுகள் கருதிவந்தன. அவர்களையும் படைப்பின் வாழ்வில் பங்காளிகளாகக் கொள்ளும் வரலாறு இனி எழுதப்படவேண்டும். அதற்கான சான்றுகள் முதியோரின் நினைவிலும் பழுதடையும் நாடாக்களிலும் உள்ளன. இரண்டுமே நெடுநாள் காத்திரா.