சுருங்கிய இரவு

கெலிஓயாவிலிருந்து பேராதனைக்கு பஸ்ஸில் கால் மணி நேரம் போதும். கம்பளை வீதி, அதையொட்டி ரயில் பாதை, சற்றுத் தள்ளி மகாவலி. பாடசாலைக் காலம் முழுவதும் அந்த வழியில் போய் வந்தவன் நான். பல்கலைக்கழக வளவுக்குள் மரங்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் திறந்தவெளி அரங்கு இருக்கிறது, சிங்கள மாணவர்கள் அதை ‘வள’ என்பார்கள், சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் நாடகம் போடும் நாளில் அங்கே இடம் பிடிப்பது கஷ்டம் என்பதெல்லாம் தெரியும். அதே பல்கலைக்கழகத்தில்தான் 1960களில் தமிழ்க் கூத்துக்கும் ஒரு புது வாழ்வு கிடைத்தது என்பது முப்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.

மாசி மாதத்தில் மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து தப்பு மேளச் சத்தம் இரவிரவாக இறங்கி வரும். “தோட்டத்துல காமன் கூத்து” என்பார் அம்மா. கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவோம். கலை என்றால் பரதம், கர்நாடக சங்கீதம் என்று பழக்கப்பட்ட வீடு எங்களுடையது. கூத்து என்ற சொல்லை ஒருவரைக் கண்டிக்கத்தான் பயன்படுத்தினோம்.

கொழும்பில் ஒரு மண்டபத்தில், நண்பர் அழைத்தார் என்பதற்காகப் போய் உட்கார்ந்தபோதுதான் ‘இராவணேசன்’ கூத்தைப் பார்த்தேன். மத்தளம் ஒரு தாளக்கட்டை எடுத்துக் கொடுக்க, சதங்கை கட்டிய கால்கள் அதை வாங்கிக்கொண்டன. அரசன் வருகிறான் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை, கால்களே சொல்லின. பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தானே புறப்படும் இராவணனின் தயக்கமும் வீம்பும் வசனத்தில் இருந்ததைவிட ஆட்டத்தில் அதிகமாக இருந்தன. ஒரு மனிதன் உடைவதைத் தாளம் பிசகாமல் ஆடிக் காட்ட முடியும் என்று அன்றுதான் கண்டேன். அன்றிலிருந்து நான் கூத்துப் பைத்தியம். அந்தப் பைத்தியம் தந்த உரிமையோடுதான் என்னைக் கூத்துக்குள் அழைத்து வந்த முறையை இங்கே எடைபோடுகிறேன்.

அந்த முறைக்கு ஊர் பேராதனை. எதிரிவீர சரச்சந்திர 1956 நவம்பரில் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு முன் ஜப்பானில் நோ, கபுக்கி அரங்குகளை நேரில் பார்த்திருந்தார். ஆனால் ‘மனமே’யின் பாட்டும் நடையும் தென்னிலங்கையின் ‘நாடகம’ என்ற சிங்கள வடிவத்திலிருந்து வந்தவை. அதில் தேர்ந்த ஆசான் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடமிருந்து அது மேடைக்கு வந்தது. அந்த வடிவத்தின் வேரோ தமிழ்க் கூத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர் வழியாக மேற்குக் கரையோரம் இறங்கிய கூத்துத்தான் சிங்களத்தில் ‘நாடகம’ ஆனது. இதைச் சரச்சந்திரவே எழுதியிருக்கிறார். தமிழில் கிராமத்தோடு ஒதுங்கிக் கிடந்த ஒன்று சிங்களத்தின் தேசிய அரங்காக எழுந்து நின்றதை, அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த சு. வித்தியானந்தன் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து பிறந்தவைதான் 1962இல் வடமோடிப் பாணியில் ‘கர்ணன் போர்’, அடுத்து தென்மோடிப் பாணியில் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து எழுதியவரும், அந்த ‘இராவணேசனை’ அடுத்த தலைமுறைகளுக்கு மீண்டும் மீண்டும் மேடையேற்றிக் கொடுத்தவரும் அவரே.

வித்தியானந்தன் செய்தது என்ன? மட்டக்களப்பில் ஒரு கூத்து இரவு தொடங்கி விடியும்வரை போகும். அதை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார். நாலு பக்கமும் சனம் இருக்கும் வட்டக்களரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு மாற்றினார். ஆட்டத்தைத் தானே புதிதாகப் புனையவில்லை. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்ற கூத்து ஆசான்களை அழைத்து, பட்டப்படிப்பு மாணவருக்கு அடவு பழக்க வைத்தார். ஆண்களே பெண்வேடம் கட்டிய வழக்கத்தை விட்டு மாணவிகளை மேடைக்குக் கொண்டுவந்தார். இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்து அண்ணாவிமாரைக் கூட்டினார், போட்டிகள் நடத்தினார். ‘அலங்கார ரூபன் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’ முதலிய கூத்து ஏடுகளைப் பதிப்பித்தார். எழுத்தறிவில்லாத பாமரர் ஆட்டம் என்று படித்த தமிழர் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றின் முன்னால் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மாணவராக உட்கார்ந்தார். இந்தச் செயலின் மதிப்பை நான் எந்தக் குறைக்காகவும் தள்ளுபடி செய்யமாட்டேன். 1969இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடியைக் கொண்டு சமூக ஒடுக்குமுறையைப் பேசியதும், என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ சாதித் தடைக்கும் கோயில் கதவுக்கும் எதிராகக் கூத்தைக் கையில் எடுத்ததும் இந்த வாசல் திறந்த பிறகுதான் நடந்தன. பழைய கதையை மட்டுமே சுமக்கும் வண்டி என்று கருதப்பட்டது, அன்றைய சண்டையையும் சுமந்தது.

இதெல்லாம் உண்மையாக இருக்க, எனக்குள் ஒரு குறை வளர்ந்துகொண்டே வந்தது. அது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியும். மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முதல்முறையாக ஒரு முழு இரவுக் கூத்துக்குப் போயிருந்தேன். நள்ளிரவு தாண்டியும் கதை சபைக்கு வருவதும் போவதுமாகவே இருந்தது. எனக்கு இடுப்பு வலித்தது. எப்போது போர் வரும் என்று பக்கத்தில் இருந்த முதியவரிடம் கேட்டேன். “இரிங்க மனே, போர் விடியத்தான் வரும். அதுக்குள்ள எங்கட தங்கச்சிர மகன்ட வரவு இருக்கு” என்றார். தங்கையின் மகன் வந்ததும் அவர் எழுந்து போய் ஒரு மாலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பையன் மாதக்கணக்காகப் பழகியவன். அவனுக்குரிய பாட்டை எழுதிக் கொடுக்கும் ‘சட்டம் கொடுத்த’ நாளில் இருந்து சதங்கை அணிந்த நாள்வரை ஊர் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அரங்கேற்றம் முடிந்தால் வீட்டுக்கு வீடு போய் ஆடுவான். அந்த இரவு அதன் ஒரு பகுதி மட்டும். நான் கொழும்பில் பார்த்தது ஒரு படைப்பு. இங்கே நடந்துகொண்டிருந்தது ஓர் ஊரின் வாழ்க்கை.

பேராதனை முறையில் வெட்டுப்பட்டவற்றை அன்றிரவு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன். பிற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தர் ஓர் அடி பாடினால் அண்ணாவியாரும் பக்கத்தில் நிற்பவர்களும் அதை மறுபடி பாடுவார்கள். மண்டபத்தில் ஒலிவாங்கி இருக்கும்போது இது கூறியது கூறல் போலத் தோன்றும், சுருக்கத் தோன்றும். களரியில் கூத்தர் ஒரு பக்கம் முகம் கொடுத்தால் மறுபக்கத்துக்கு முதுகு காட்டுகிறார். அவர் பாடி முடித்ததும் மற்றவர்கள் அந்த அடியைச் சுமக்க, அவர் சுற்றி ஆடி அடுத்த பக்கத்துக்கு வருகிறார். மூச்சு வாங்கவும் சுற்றி வரவும் எல்லாரையும் பார்க்கவும் அந்த மறுபாடலே இடம் தருகிறது. ஆட்டக்கோலங்கள் வட்டமாகவும் எட்டாகவும் அமைந்ததும் இதற்காகத்தான். வட்டத்தை ஒரு பக்கம் பார்க்க நிறுத்தினால் கோலம் கலைகிறது. பாதி ஆட்டம் யாருக்காகச் சுற்றுகிறது என்றே தெரியாது. இந்த இழப்பைச் சிறந்த ஒளியமைப்பாலும் மேடை ஒழுங்காலும் ஈடுசெய்யலாம், ‘இராவணேசன்’ அப்படிச் செய்திருக்கிறது. ஈடு என்பது ஈடுதான்.

நேரம் இன்னும் பெரிய விஷயம். முழு இரவு என்பது கதையின் நீளத்தால் வந்ததாக நான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த நேரம் பார்ப்பவரைத் தயார் செய்கிறது. தூங்கி விழித்து, தேத்தண்ணீர் குடித்து, பேசி, சலித்து, மறுபடி வந்து உட்காரும் உடம்புக்கு விடியற்காலைப் போர் வேறு விதமாக இறங்குகிறது. களைத்துப்போன நம் கண்ணுக்கு முன்னால் களைத்துப்போன ஒருவன் சாகப் போகிறான். ஏழு மணிக்குக் குளித்துவிட்டு வந்து எட்டரைக்கு வீடு திரும்பும் ரசிகனுக்கு இது கிடைக்காது. எனக்கும் பல வருடம் கிடைக்கவில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இந்தக் குறையைத்தான் நேராகத் தொட்டது. கூத்தை மாற்ற வேண்டுமானால் அதை ஆடும் சமூகமே களரியில் நின்று மாற்ற வேண்டும் என்பது அதன் நிலை. ஏடுகளில் பெண்ணும் சாதியும் காட்டப்பட்ட விதத்தையும் ஊரே விவாதித்துத் திருத்தட்டும் என்கிறது. இதில் நான் முழுதாக உடன்படுகிறேன். ஆனால் அந்த நிலையில் நின்று வித்தியானந்தனைக் குற்றவாளியாக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. 1962இல் படித்த தமிழன் கூத்தின் முன் உட்கார மறுத்துக்கொண்டிருந்தான். அவனை உட்கார வைக்க அவனுடைய மண்டபமும் அவனுடைய நேரமும் தேவைப்பட்டன. அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவு. பிழை பின்னால் வந்தது. ஒரு தேவைக்காகச் செய்த சுருக்கத்தையே கூத்தின் இலட்சணமாக எடுத்துக்கொண்டோம்.

பாடசாலைகளில் அதன் விளைவைப் பார்க்கலாம். தமிழ்மொழித்தினப் போட்டியில் நாட்டுக்கூத்துக்கு இடம் உண்டு, நல்ல விஷயம். ஆனால் நேரம் நிமிடக் கணக்கு. ஓர் இரவு ஒன்றரை மணி நேரமாகி, அது இப்போது ஒரு பாடவேளைக்குள் அடங்கிவிட்டது. கண்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகள் வடமோடி வரவாட்டத்தை அழகாக ஆடக் கண்டேன். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேருடைய அப்பாமார் காமன் கூத்தில் ஆடுகிறவர்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அதை ஏன் ஆடவில்லை என்று கேட்டதற்கு, “அது சாமி காரியம் சார், போட்டிக்கு எடுக்க மாட்டாங்க” என்றாள் ஒரு சிறுமி.

அந்தப் பதிலோடுதான் நான் கெலிஓயாவுக்குத் திரும்பி வந்தேன். பேராதனையின் கண் கிழக்கே மட்டக்களப்பையும் வடக்கே மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பார்த்தது. வளவைச் சுற்றியிருந்த மலைகளில் ஆடப்பட்டது அதன் மேடைக்கு வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த மக்கள் கூடவே கொண்டுவந்த கூத்து அது. மாசியில் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் தோட்டக் குடியிருப்புகளான லயங்கள்தோறும் ஆடி வர, தூதன் வர, வீரபத்திரன் வர, பௌர்ணமியில் காமன் எரிவான். எனக்கு மேலேயுள்ள தோட்டத்தில், நாற்பதை நெருங்கும் வயதில், முதல்முறையாக அதைப் போய்ப் பார்த்தேன்.

அதிலும் குறைகள் உண்டு. ரதியாக ஆடுவது இன்றும் பெரும்பாலும் ஆண்தான். பாட்டு வாய்வழியாகவே போவதால், கூத்து வாத்தியார் ஒருவர் இறந்தால் அவரோடு ஒரு பகுதியும் போய்விடுகிறது. ஒலிபெருக்கி சில இடங்களில் தப்பின் நுணுக்கத்தை விழுங்கிவிடுகிறது. இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட, வேடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். ஆனால் மண்டப மேடை இழந்த எல்லாமே அங்கே அப்படியே இருந்தன. தோட்டமே களரி. வேடம் கட்டுவது நேர்த்திக்கடன். காமன் எரியும் வேளையில் பெண்கள் அழுதது நடிப்பைப் பார்த்து அழுத அழுகை இல்லை, தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுத ஒப்பாரி. ‘செவ்வியல்’ என்ற சொல்லை நாம் எதற்கு வைத்திருக்கிறோம் என்று அங்கே நின்று யோசித்தேன். இலக்கணம், நீண்ட பயிற்சி, வகுத்த ஆட்டமுறை ஆகியவைதான் அளவுகோல் என்றால் வடமோடி தாராளமாகத் தேறும். காமன் கூத்து அந்த அளவுகோலில் சற்று இளைத்துத்தான் தெரியும். பார்ப்பவரையும் ஆடுபவரையும் ஒரே துயரத்துக்குள் நிறுத்தும் ஆற்றலையும் அளவாகச் சேர்த்தால், நான் பார்த்தவற்றில் அதற்கு மேலே வைக்க எனக்கு வேறொன்று இல்லை.

குறுகிய மேடையும் முழு இரவும் சேர்ந்து வாழலாம். கேரளத்தில் 1930இல் கலைப் பள்ளியான கலாமண்டலம் அமைந்த பிறகு கதகளி மாலை நேர மேடைக்கும் வெளிநாட்டுக்கும் போனது. கோயில் முற்றத்தில் விளக்கின் முன் விடியவிடிய ஆடும் வழக்கமும் கூடவே பிழைத்திருக்கிறது. குறுகியதைப் பார்த்து ஆசைப்பட்டவன் நீண்டதைத் தேடிப் போக அங்கே வழி இருக்கிறது. நமக்கு மண்டபம் இருக்கிறது, வழி இல்லை. ‘இராவணேசன்’ பார்த்து எழுந்து வந்த என்னிடம், இதன் முழு இரவு எந்த ஊரில், எந்த மாதத்தில் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு தகவல் அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தால் எனக்குச் சில வருடங்கள் மிஞ்சியிருக்கும். காமன் கூத்தை மண்டபத்துக்குள் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை, அது வேண்டாம். பல்கலைக்கழக நாடகத்துறை மாணவர்கள் மாசியில் ஓர் இரவு பஸ் ஏறி மேலே வரட்டும். பாட்டுகளை அந்த வாத்தியார்மாரின் அனுமதியோடு பதிவு செய்து, பதிவின் ஒரு பிரதியைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டுப் போகட்டும். போட்டி விதிகளை எழுதுவோர் அந்தச் சிறுமியின் பதிலை யோசிக்கட்டும்.

காமன் எரிந்த இரவு முடிந்து நான் இறங்கி வரும்போது பெரட்டுக்கு, தோட்ட வேலைக்கான காலைக் கூட்டத்துக்கு, நேரமாகிவிட்டது. மன்மதனாக ஆடியவர் முகத்துப் பூச்சைக் கழுவிக்கொண்டிருந்தார், காதோரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. “மூணாம் நாள் எழுப்புவோம் தம்பி, வந்துருங்க” என்றார். கீழே கெலிஓயாவில் கடைகள் திறக்கத் தொடங்கியிருந்தன. வீட்டில் அம்மா விழித்திருந்தார். இரவெல்லாம் தப்புச் சத்தம் கேட்டதாகவும், இந்தமுறை கதவைச் சாத்தவில்லை என்றும் சொன்னார்.