வைபவமாலையும் குடிவழியும்

யாழ்ப்பாணத்துக் குடிகளின் பூர்வோத்தரம் அறியப் புகுவார் எவரும் முதலிற் கையிலெடுப்பது யாழ்ப்பாண வைபவமாலையே. மாதகல் மயில்வாகனப் புலவர் 1736ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிபதி மக்கறாவின் வேண்டுகோளுக்கு இணங்கி இயற்றியதாகக் கொள்ளப்படும் இவ்வுரைநடை நூல், 1879இற் பிறிற்றோவால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது; பின்னர் முதலியார் குல. சபாநாதன் அவர்களாற் செம்மையாகப் பதிப்பிக்கப்பட்டது. இந்நூலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அரசர் வரிசையையும் ஆண்டுக் கணக்கையுமே துருவினர். சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனமும் (1928), முதலியார் இராசநாயகத்தின் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலும் (1926) இத்திறத்தன. ஆயினும் நூலை வீட்டில் வைத்துப் போற்றிய பொதுமக்கள் அதனுள் தேடியது அரசரை அன்று. தம் ஊர்ப் பெயருக்கு நேரே எந்த முதலியின் பெயர் நிற்கின்றது என்பதையே அவர்கள் தேடினர். ஆதலின் குடியேற்றப் பகுதியை, குடிவழிக்குச் சான்றாதல் எவ்வளவு என்னும் நோக்கில் தனியே ஆராய்தல் வேண்டும்.

அப்பகுதியின் அமைப்பு எளிது. இன்ன நாட்டு இன்ன ஊரினின்றும் வந்த இன்ன பிரபுவை அரசன் இன்ன இடத்தில் இருத்தினான் என்பதே ஒவ்வொரு செய்தியும். பொன்பற்றியூர்ப் பாண்டி மழவனுந் சுற்றத்தாரும் திருநெல்வேலியில். காவிரியூர் நரசிங்கதேவன் மயிலிட்டியில். வாலிநகர்ச் செண்பகமாப்பாணன் தெல்லிப்பழையில். கோவலூர்ப் பேராயிரவன் இணுவிலில். தொண்டைநாட்டு மண்ணாடுகொண்ட முதலி இருபாலையில். தனிநாயக முதலி நெடுந்தீவில். இவ்வரிசை புலவரின் கற்பனையன்று. அவருக்கு முற்பட்ட முத்துக்கவிராயரின் கைலாயமாலையிலும் இது காணப்படுகின்றது. கைலாயமாலையோ நல்லூர்க் கைலாயநாதர் கோயிலின் சிறப்பைப் பாட எழுந்த கலிவெண்பா. பிரபுக்களைப் புகழ்ந்து அடுக்குதல் அவ்வகைப் பாட்டின் மரபு. அடைமொழிகளை உதிர்த்துவிட்டு ஆளையும் ஊரையும் மாத்திரம் எடுத்து உரைநடையில் நிறுத்தியபோது, பாட்டாயிருந்தது பதிவேடு போலத் தோன்றலாயிற்று. இந்நூலின் குடிவரலாற்றை மதிப்பிடுவார் முதலில் மனங்கொள்ளத்தக்கது இம்மாற்றமே. புலவர் தம் முதனூல்களாகக் கூறுவன நான்கு: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. இவற்றுட் பின்னைய இரண்டும் நமக்குக் கிடைத்தில. கிடைத்த வையாபாடலோ வன்னியர் வருகையையே பெரிதும் பேசுகின்றது.

வரிசையில் முதற்கண் நிற்பவன் பாண்டி மழவன். அவன் வெறுமனே வந்து குடியேறியவன் அல்லன். அரசனில்லாது தளர்ந்த நாட்டின் நிலைகண்டு மதுரைக்குச் சென்று சிங்கையாரியனை அழைத்து வந்தவனே அவன் என்பது கதை. அரசனைக் குடி அழைத்து வந்தது. ஆகவே குடி அரசினும் மூத்தது! இதனினும் உயர்ந்த முதன்மை ஒரு குடிக்கு வேறில்லை. நூல் எழுந்த சூழலையும் ஈண்டு நோக்குதல் தகும். முதலியார், விதானை முதலிய பதவிகளை வழங்கும் அதிகாரம் ஒல்லாந்தர் கையிலிருந்த காலம் அது. நாட்டின் பழைய குடிகள் எவை என்று அதிபதி வினவ, புலவர் விடை எழுதுகின்றார். அவ்விடையில் எவர் பெயர் இடம்பெறும், எவர் பெயர் விடுபடும் என்பது அக்காலத்தார்க்கு ஏட்டுச் செய்தியாக மாத்திரம் இருந்திராது. பிரபுக்களின் பெயர் உண்டு. அவர்களுடன் வந்த அடிமை குடிமைகளோ பெயரின்றித் தொகையாகவே சுட்டப்படுவர். மண்வெட்டியும் வலையும் பிடித்தோருக்கும் பாட்டனும் பூட்டனும் இருந்தனர் என்பதை நினைவூட்ட வேண்டிய நிலைக்கு இந்நூலின் வாசகரிற் பலர் ஆளாயினர்.

இனிக் காலம் பற்றிய இடர்ப்பாடு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் புவனேகவாகு கட்டுவித்தது சகம் 870, அஃதாவது கி.பி. 948, என்பதோர் பழைய செய்யுளின் கூற்று. ஆரியச் சக்கரவர்த்திகள் ஈழத்து வடபாலிற் சிறந்து விளங்கத் தொடங்கியதோ 13ஆம் நூற்றாண்டில். 1450ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை வென்று ஆண்டு, பின் கோட்டையில் 6ஆம் புவனேகவாகுவாக முடிசூடிய சப்புமல் குமாரயனே, தமிழிற் செண்பகப்பெருமாள் எனப்படுபவனே, அக்கோயிலோடு தொடர்புடையவன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. அக்கோயிற் கட்டியத்தில் அவன் பெயர் வழங்குதலும் இதற்குத் துணை. ஐந்நூறு ஆண்டுகள் பிறழக்கூடிய ஒரு மரபில், குடியேற்றம் மாத்திரம் ஓர் அரசனின் ஆணையால் ஒரே காலத்தில் நிகழ்ந்தது என்று கொள்ளுதல் எங்ஙனம்? பல தலைமுறைகளிற் பல துறைகளில் வந்திறங்கியோரைப் பாட்டு ஒரு சபையிற் கூட்டி வைத்தது என்பதே பொருந்தும். 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்குத் தம் ஆய்வை அளித்த இந்திரபாலா, கல்வெட்டு முதலியவற்றை முன்வைத்து இம்மரபு நூல்களை எச்சரிக்கையோடு கையாண்டமை இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம்.

ஊர் ஒன்றாயிருத்தலின் குடி ஒன்று என்பாரை விடுத்து, பெயர் ஒன்றாயிருத்தலின் குடி ஒன்று என்பாரை நோக்குவோம். மேனாட்டில் ஒரு குடும்பப்பெயர் தந்தையிலிருந்து மகனுக்கு மாறாது இறங்குகின்றது. அதனைப் பற்றிக்கொண்டு மேலேறலாம். நம்மவர்க்கு அவ்வாய்ப்பில்லை. தந்தை பெயரே மகனுக்கு முற்பெயர். அடுத்த தலைமுறையில் அதுவும் உதிரும். அன்றியும் பேரன் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். யாழ்ப்பாணத்தார் பாட்டனையும் பேரன் என்பர், மகன் மகனையும் பேரன் என்பர். சொல்லே பெயரன் என்பதன் திரிபுதானே. வேலர் மகன் கந்தர், கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர் என்று ஓர் உறுதியிற் காண்பவன், எந்தக் கந்தர் எந்த வேலரை ஈன்றார் எனத் திகைக்கவே செய்வான். பரராசசேகரன், செகராசசேகரன் என்று அரியணைப் பெயர் மாறிமாறி வந்தமையால் அரசர் வரிசையில் அறிஞர்க்கு நேர்ந்த மயக்கமே குடிமக்கள் வீட்டிலும் நேர்கின்றது. சாதக ஓலை உதவுமோ எனின், அதன் ஆண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வது. பேரனும் பேரனும் ஒரே பெயருடன், ஒரே ஆண்டுப் பெயரிற் பிறந்திருத்தலும் கூடும்.

பட்டப்பெயர்கள் நிலையும் அஃதே. முதலி, மாப்பாணன், மழவராயன் என்பன உத்தியோகமோ வரிசையோ குறித்து வழங்கியவை. ஒரே பட்டம் தொடர்பற்ற இரு குடிகளுக்குக் கிடைத்திருக்கலாம். பறங்கியர் காலத்தில் ஞானஸ்நானப் பெயரும் ‘தொன்’ என்னும் அடையும் சேர்ந்தன. ஆட்சி மாறியபின் அவை பல குடும்பங்களில் மறைந்தன. 1816இல் வந்த அமெரிக்க மிசனாரின் பள்ளிகளிலோ, மாணாக்கர்க்குக் கடல் கடந்த உபகாரிகளின் பெயர் சூட்டப்பட்டது. 1823 முதல் 1855 வரை நடந்த வட்டுக்கோட்டைச் செமினரியில் தொடர்புற்றோரின் பெயர்களை நோக்குக: கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. பெயரொற்றுமை பற்றியே குடிவழி காண்பார் இவர்களை எந்தக் கப்பலில் ஏற்றுவரோ!

பெயர் மீளுதலும் உண்டு. தமிழாராய்ச்சியை உலகரங்கிற் கொண்டு சென்ற தனிநாயகம் அடிகள் (1913–1980) பிறப்பிற் பெற்றது சேவியர் நிக்கலஸ் ஸ்ரனிஸ்லாஸ் என்னும் பெயர். நெடுந்தீவுத் தனிநாயக முதலியைத் தம் முன்னோராகக் கருதி, அப்பெயரைப் பின்னரே அவர் பூண்டார் என்பர். தமிழுணர்வின்பாற்பட்ட அழகிய செயல் அது. ஆயின் நூறாண்டு கழித்து ஒருவன் ஏடுகளைப் புரட்டின், அப்பெயர் அறாது வழங்கி வந்தது என்று எழுதிவிடல் எளிது. முன்னோர் பெயர் நமக்கு வருவதுபோல, நாமும் முன்னோரைத் தெரிந்து பெயர் கொள்கின்றோம்.

முகச்சாயலும் குணமும் மூன்றாவது சான்றாகக் காட்டப்படுவன. பேரனின் மூக்கு, அப்பாச்சியின் நெற்றி என்று தொட்டிலருகே நிகழும் ஆராய்ச்சி எல்லா வீட்டிலும் உண்டு. அது இரண்டு மூன்று தலைமுறையளவிற் பொய்யுமன்று. ஆனால் மச்சான் மச்சாள் மணம் வழிவழி நிகழ்ந்த ஊரில் ஒரு சாயல் ஊர் முழுவதும் பரவியிருக்கும். அது நெருங்கிய உறவைக் காட்டுமேயன்றி இன்ன முதலியே மூலவன் என்று காட்டாது. கல்விக் குணமோ இன்னும் சிக்கலுடையது. ஆறுமுக நாவலரைப் பாண்டி மழவர் குடியினர் என வரலாறு எழுதினோர் கூறுவர். அவர் இல்லறம் புகுந்திலர். அவரது புலமைக்கு உரியவராய் விளங்கிய வித்துவசிரோமணி ந. ச. பொன்னம்பலபிள்ளை அவருடைய மருகர். அப்புலமை தாய்வழிக் குருதியில் வந்ததோ, மாமனிடம் பாடங்கேட்டமையால் வந்ததோ? இரண்டையும் பிரித்தறியத் தராசு இல்லை. எனினும் பாடங்கேளாத உறவினர் பலர் அக்குடியிலும் இருந்திருப்பர் என்பதை மறத்தலாகாது.

எண்ணும் இங்கே பேசத்தக்கது. ஒருவனுக்குப் பெற்றோர் இருவர், அவர்களின் பெற்றோர் நால்வர். பத்தாந் தலைமுறையில் மூதாதையர் இடம் 1,024. தலைமுறைக்கு 28 ஆண்டு எனக் கொண்டு 700 ஆண்டு பின்செல்லின் இருபத்தைந்து தலைமுறை. இடங்களோ 3 கோடி 35 இலட்சத்துக்கு மேல். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் யாழ்ப்பாண மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 8 இலட்சமே. எனவே ஒரே மூதாதையர் பல கிளைகளில் மீண்டும் மீண்டும் வந்தாக வேண்டும். பாண்டி மழவன் என்றொருவன் இருந்து, அவன் சந்ததி தழைத்தும் இருந்தால், அவன் குருதி ஒரு குடிக்கே தனியுரிமையாய் நிற்றல் அரிது. குலத்துக்குள்ளே மணந்தோம் என்று தடை கூறுவார், பிற குடிகள் மெல்ல மெல்ல வேளாளராயின எனக் கூறும் நம் பழமொழியை எண்ணிப் பார்க்கட்டும். இக்கால உயிரணுச் சோதனையும் தந்தை வழியே ஒரு கோட்டையும் தாய் வழியே ஒரு கோட்டையுந்தான் நேரே தொடரவல்லது. அந்த 1,024 பேரில் அவை இருவரை மாத்திரமே சாரும்.

அங்ஙனமாயின் குடிவழி காணுதல் வீண்முயற்சியோ எனின், அன்று. வைபவமாலை உதவாத இடத்தில் உதவுவன வேறுள. பறங்கியர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த தோம்புகள் காணியையும் உடையவனையும் வரியையும் குறித்தன. ஒல்லாந்தரின் பள்ளித் தோம்புகள் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் குறித்தன. இவை புகழுக்கு எழுதப்பட்டவை அல்ல, இறைக்கு எழுதப்பட்டவை; ஆதலின் நம்பிக்கைக்கு உரியவை. வரிக்கு அஞ்சிக் குறைத்துச் சொன்னோர் இருக்கலாம். இல்லாத பாட்டனைப் படைத்தோர் அதிகம் இரார்.

உறுதிகளை வாசிப்போர் தேசவழமையை அறிந்திருத்தல் வேண்டும். கிளாஸ் ஐசாக்சு என்னும் திசாவை 1707ஆம் ஆண்டளவில் தொகுத்து, பன்னிரு முதலிமாரின் உடன்பாடு பெற்ற அச்சட்டத்தின்படி, தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வது பழைய முறை. வீட்டு வளவு பெரும்பாலும் சீதனமாயிற்று. தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேர்த்திக்கும் அது இறங்க, அவ்வளவில் விளக்கேற்றிய ஆண்கள் வேற்றிடத்திலிருந்து வந்த மாப்பிள்ளைமாராயினர். வைபவமாலை தந்தையரை மாத்திரம் எண்ணுகின்றது. வளவோ தாயரை எண்ணுகின்றது. “நாங்கள் இந்த ஊர் முதலியின் வழி” என்று கூறும் ஆண்மகன், அவ்வூரில் தான் நிற்கும் காணி அன்னையரின் நிரையால் தனக்கு அண்மையாயிற்று என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தானல்லன். காணிப் பெயர் மாறாது நிற்றலால், சீதன உறுதிகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து ஐந்தாறு தலைமுறை பெண்வழி ஏறுதல் இயலும். இம்முயற்சியை நம் அறிஞர் போதிய அளவு செய்தாரல்லர்.

செய்தற்கு வேண்டிய ஏடுகளும் குறைந்துவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோது, தகரப்பெட்டியில் இருந்த உறுதிகளைக் கையோடு எடுத்தோரும் உளர். கிணற்றடியிற் புதைத்தோரும் உளர். திரும்பி வந்து பெட்டியைக் காணாதோரும் உளர். கனடாவிலும் இலண்டனிலும் பிறந்த பிள்ளைகள் இன்று தம் பூட்டன் பெயரைக் கேட்கும்போது, பலர் வைபவமாலையின் முதலிகளுள் ஒருவரைச் சொல்லி அமைகின்றனர். எழுநூறு ஆண்டுக்கு முந்திய முதலியின் பெயர் தெரிகின்றது. எழுபது ஆண்டுக்கு முன் அந்த வளவைச் சீதனமாகப் பெற்ற அம்மம்மாவின் தாய் பெயர் தெரியவில்லை. அப்பெயரைச் சொல்லவல்ல முதியோர் சிலர் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். பிரசித்த நொத்தாரிசுமார் எழுதிய உறுதிகளின் பிரதிகள் காணிப் பதிவுக் கந்தோர்களிலும் தேடத்தக்கன.