புதிய கார்டு, பழைய கேம், நடுவில் டிஜிவூடூ

1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கேமை விண்டோஸ் 7 கணினியில் திறந்தவர்களுக்கு அந்தக் கூத்து மறந்திருக்காது. தண்ணீர் சிவப்பாக ஓடும். புல்வெளி ஊதாவாக மின்னும். அதற்கு அன்று புழக்கத்தில் இருந்த வைத்தியம் இன்னும் விநோதம்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு கேமைத் தொடங்க வேண்டும். டெஸ்க்டாப்பில் ஐகான்களும் டாஸ்க்பாரும் காணாமல் போகும், ஆனால் புல் பச்சையாகிவிடும். மாயமந்திரம் எதுவும் இல்லை. அந்த கேம் 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டுதான் படம் வரைகிறது. எக்ஸ்ப்ளோரரும் அதே பட்டியலில் கை வைத்ததால் நிறங்கள் இடம் மாறின.

கிராஃபிக்ஸ் கார்டின் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. பழைய கேம் ஓடவில்லை என்றதும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிய கார்டுக்கு விலை கேட்பவர்கள் பலர். கார்டு புதிதாக ஆக ஆகத்தான் இந்தத் தொல்லை கூடுகிறது என்பதை அங்கே யாரும் சொல்லப்போவதில்லை. சில மெகாபைட் அளவே உள்ள ‘டிஜிவூடூ 2’ என்ற இலவச மென்பொருள் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியைத் தீர்க்கிறது. அது எதையெல்லாம் தீர்க்கும், எங்கே கைவிரிக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை அவசியம். கணினியை ஆன் செய்ததும் வரும் பயாஸ் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் கார்டோ, மானிட்டரோ, கேபிளோதான் பழுது. எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நேற்றுவரை ஓடிய புதிய கேம்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திணறினால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். விண்டோஸுக்குக் கார்டிடமிருந்து 2 நொடிக்குள் பதில் வராவிட்டால் டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பிவிடும். திரை ஒருமுறை கறுத்து மீள்வது அதனால்தான். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். அப்படி இருந்தால் ‘டிடியூ’ என்ற டிரைவர் நீக்கும் கருவியை சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுவது நல்லது. லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் இருந்தால், கேம் எந்தச் சிப்பில் ஓடுகிறது என்பதை விண்டோஸ் செட்டிங்ஸின் டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் பகுதியில் பார்த்துவிடுவதும் நல்லது. இதற்கெல்லாம் பிறகும் ஒரே ஒரு பழைய கேம் மட்டும் முரண்டு பிடித்தால்தான் டிஜிவூடூவுக்கு வேலை.

கேம் நேரடியாகக் கார்டிடம் பேசுவதில்லை. நடுவில் டைரக்ட்எக்ஸ் போன்ற ஓர் ஏற்பாடு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதை 1995இல் கொண்டுவந்தது. 2000இல் எட்டாம் பதிப்பு, 2002இல் ஒன்பதாவது, 2009இல் பதினொன்றாவது, 2015இல் பன்னிரண்டாவது என்று அது வளர்ந்தது. இன்றைய கார்டுகளின் டிரைவர் எழுதுபவர்கள் கவனமெல்லாம் கடைசி இரண்டின் மேல்தான். முதல் ஏழு பதிப்புகளை நம்பி எழுதிய கேம்களைத் தனியாகச் சோதிப்பது அரிது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 8 வந்தபோது 16-பிட், 8-பிட் நிறத் திரைகளெல்லாம் நிஜமாக இல்லாமல் பாவனையாக மாறின. பழைய கேமுக்கு அது தெரியாது. தான் இன்னும் 1998இல் இருப்பதாகவே நினைத்து வேலை செய்கிறது.

இன்டெல் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. 2022இல் அதன் ஆர்க் கார்டுகள் வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9க்கு நேரடி ஆதரவு கிடையாது. அந்த கேம்களின் கட்டளைகளைப் பன்னிரண்டுக்கு மாற்றித்தான் ஓட்டின. வேகம் மிக மோசம். பிறகு வந்த டிரைவர்களில்தான் நிலைமை தேறியது. என்விடியாவும் சளைத்ததில்லை. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் கேம்களின் இயற்பியல் எஃபெக்ட்களுக்கான 32-பிட் ஃபிஸ்எக்ஸ் ஆதரவை எடுத்துவிட்டது. ‘மிரர்ஸ் எட்ஜ்’, ‘பார்டர்லேண்ட்ஸ் 2’ போன்ற கேம்களில் அந்த எஃபெக்ட்களை ஆன் செய்தால், லட்சக்கணக்கில் விலையுள்ள கார்டு பத்து வருடப் பழைய கார்டிடம் தோற்றது. கூச்சல் எழுந்து, அதே ஆண்டு இறுதியில் சில கேம்களுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தது.

‘வூடூ’ என்ற பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி வெளியிட்ட முப்பரிமாணக் கார்டின் பெயர் வூடூ. அதற்கென்று கிளைட் என்ற தனிப் பேச்சு இருந்தது. ‘நீட் ஃபார் ஸ்பீட் 3: ஹாட் பர்சூட்’ போன்ற கேம்கள் கிளைடில்தான் ஜொலித்தன. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்க என்விடியா ஒப்பந்தம் போட்டது, கிளைடும் அநாதையானது. டெகே என்ற புனைபெயரில் எழுதும் ஹங்கேரிக்காரர் ஒருவர் அதற்கு உயிர்கொடுக்கத்தான் முதலில் டிஜிவூடூவை எழுதினார். இரண்டாம் பதிப்பு அதோடு நிற்காமல் டைரக்ட்எக்ஸின் இருபரிமாணப் பகுதியான டைரக்ட்டிராவையும், முப்பரிமாணப் பகுதியான டைரக்ட்3டியின் ஒன்று முதல் ஒன்பது வரையான பதிப்புகளையும் எடுத்துக்கொண்டு, கேம் கேட்பதையெல்லாம் டைரக்ட்3டி 11 அல்லது 12ஆக மாற்றிக் கார்டுக்கு அனுப்புகிறது.

நிறுவல் என்று ஒன்று கிடையாது. ஜிப் ஃபைலைப் பிரித்தால் எம்எஸ், 3டிஎஃப்எக்ஸ் என்று இரண்டு முக்கிய ஃபோல்டர்கள் இருக்கும். பழைய விண்டோஸ் கேம்களுக்கு எம்எஸ் ஃபோல்டரில் எக்ஸ்86 என்ற உள்ஃபோல்டர் போதும். அந்தக் காலத்து கேம்கள் அநேகமாக எல்லாமே 32-பிட். எக்ஸ்64ஐ எடுத்துப் போட்டுவிட்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று தலையைச் சொறிவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’க்கு அங்கிருந்து டிடிரா என்ற டிஎல்எல் ஃபைலை எடுத்து கேமின் எக்ஸ்இ ஃபைல் இருக்கும் இடத்தில் போட வேண்டும். ‘ஜிடிஏ: வைஸ் சிட்டி’ டைரக்ட்3டி 8 கேம் என்பதால் அதற்கு டி3டி8 டிஎல்எல். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்களில் வரிசையில் காத்திருந்து ஆடிய அந்த கேமுக்கு இந்த ஒரு ஃபைல்தான் மருந்து. விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது முதலில் கேமின் ஃபோல்டரைத்தான் பார்க்கும், சிஸ்டம் ஃபோல்டரைப் பிறகுதான் பார்க்கும். டிஜிவூடூவின் வித்தை முழுவதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. அதனால் விண்டோஸில் எதுவும் மாறுவதில்லை. வேண்டாமென்றால் அந்த ஃபைலை அழித்துவிட்டால் கதை முடிந்தது.

கேமைத் திறந்ததும் திரையின் ஓரத்தில் டிஜிவூடூவின் சின்னம் ஒன்று தெரியும். அது எரிச்சல்தான், ஆனால் முதல் நாளில் அதைப் போல உதவுவது வேறில்லை. சின்னம் தெரிந்தால் ஃபைல் சரியான இடத்தில் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. வேலை முடிந்தபின் டிஜிவூடூவின் கட்டுப்பாட்டுப் பலகையில் அதை அணைத்துவிடலாம்.

அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்வது கடினம். பழைய விண்டோஸின் சாம்பல் நிறப் பெட்டி; மேலே ஜெனரல், கிளைட், டைரக்ட்எக்ஸ் என்று மூன்று தாவல்கள்; விளக்கம் என்று ஒரு வரி கிடையாது. மிச்ச வசதிகள் எல்லாம் மறைந்தே இருக்கின்றன. வலது க்ளிக் செய்து எல்லாப் பிரிவுகளையும் காட்டச் சொன்னால்தான் வெளியே வரும். எந்த ஃபோல்டருக்கான அமைப்பை மாற்றுகிறோம் என்பதை மேலே உள்ள சின்னப் பெட்டியில் தேர்வு செய்யாவிட்டால், மாற்றியதெல்லாம் வேறெங்கோ போய்ச் சேரும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இந்தப் பலகையின் எக்ஸ்இ ஃபைலைக் கண்டு அலறுவதும் உண்டு. அதனால் டெகேவின் சொந்தப் பக்கம் தவிர வேறெங்கிருந்தும் இறக்கக் கூடாது.

ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு மூன்று வசதிகளுக்காக அதையெல்லாம் மன்னிக்கலாம். முதலாவது, உயர அகல விகிதத்தைக் காப்பது. 640க்கு 480 என்ற கேமை அகலத் திரையில் அப்படியே இழுத்தால் மனிதர்கள் குண்டாகி, கார்ச் சக்கரம் முட்டை வடிவமாகிவிடும். ஜெனரல் தாவலில் விகிதம் மாறாமல் பெரிதாக்கச் சொன்னால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும், சக்கரம் வட்டமாகும். இரண்டாவது, டைரக்ட்எக்ஸ் தாவலில் ரெசல்யூஷனை வலுக்கட்டாயமாக உயர்த்துவது. முப்பரிமாண கேம்களில் விளிம்புகள் கூர்மையாகிப் படம் புதிதாகவே தெரியும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ போன்ற இருபரிமாண கேம்களில் இதனால் பெரிய லாபம் இல்லை; வரைந்த படம் வரைந்த அளவுதான்.

மூன்றாவதுதான் நிஜமான சாமர்த்தியம். டிஜிவூடூ கேமிடம் நிஜக் கார்டைக் காட்டாமல் ஒரு கற்பனைக் கார்டைக் காட்டுகிறது. ஜீஃபோர்ஸ் 4, ரேடியான் 8500 என்று அந்தக் காலத்துக் கார்டுகளின் பெயர்களையே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். கார்டின் நினைவகத்தையும் 256 எம்பி என்று சொல்லிவைக்கலாம். இது எதற்கு? பல பழைய கேம்கள் 2 ஜிபிக்கு மேல் நினைவகம் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. 8 ஜிபி கார்டைப் பார்த்ததும் அவற்றின் கணக்கு வழிந்து, எதிர்மறை எண்ணாகி, ‘வீடியோ நினைவகம் போதாது’ என்று சொல்லி மூடிக்கொள்ளும். நினைவகம் ஏராளமாக இருப்பதால் போதவில்லை என்று புகார் சொல்லும் கேமை, குறைவாக இருப்பதாகப் பொய் சொல்லி ஓட்டுவதைப் பார்க்கும்போது சிரிப்பு வரத்தான் செய்யும்.

எதற்கெல்லாம் இது உதவாது என்பதும் முக்கியம். காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க் விண்டோஸ் 10இலும் அதற்குப் பின்னும் ஓடாவிட்டால், பெரும்பாலும் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டுதான் காரணம். பாதுகாப்பு ஓட்டை என்பதால் அதன் டிரைவரை மைக்ரோசாஃப்ட் 2015இல் கைவிட்டது. டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று செய்தி வந்தால், மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பைப் போட்டால் தீரும். அந்த ஒற்றை டிஎல்எல்லைத் தேடிக் கண்ட தளங்களில் இறக்குவது வைரஸுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதுதான். டைரக்ட்பிளே என்ற பழைய விண்டோஸ் கூறை கேம் கேட்டால், விண்டோஸ் ஃபீச்சர்ஸில், பழைய கூறுகள் பகுதியில் டிக் செய்தால் போதும்.

சில நேரம் பார்வைக்கு கிராஃபிக்ஸ் கோளாறு போலத் தெரிவது அதுவாகவே இருக்காது. ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ கேமில் ஸ்கிம்மர் என்ற நீர்விமானம் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் மறைந்துபோனது. சைலன்ட் என்ற பெயரில் ஜிடிஏ கேம்களுக்குத் திருத்தங்கள் எழுதுபவர் 2025இல் தோண்டிப் பார்த்தார். வாகனப் பட்டியல் ஃபைலில் ஸ்கிம்மரின் வரியில் சக்கர அளவுகள் எழுதப்படவே இல்லை. ‘வைஸ் சிட்டி’யில் அது படகு வகையில் இருந்ததால் தேவைப்படவில்லை, விமானமாக மாற்றியவர்கள் வரியை நிரப்ப மறந்தார்கள். இருபது வருடமாக கேம் அதற்கு முந்தைய வாகனத்தின் அளவை, நினைவகத்தில் மிச்சம் கிடந்ததால் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தது. புதிய விண்டோஸ் அந்த இடத்தில் வேறெதையோ எழுதிவிட, விமானம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இதற்கு டிஜிவூடூவும் உதவாது, டிரைவரும் உதவாது. கேமையே திருத்த வேண்டும். இதே கேமில் நீந்தும் வேகம்கூட ஃப்ரேம் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், வரம்பை எடுத்துவிட்டு வேகமாக ஓட்ட நினைப்பவர்கள் தண்ணீரில் தவிப்பார்கள். அங்கே மட்டும் டிஜிவூடூ உதவும்: அதன் மறைந்த பிரிவுகளில் ஃப்ரேம் வரம்பும் இருக்கிறது.

டைரக்ட்எக்ஸ் 9 கேம்களுக்கு டிஜிவூடூவை விட டிஎக்ஸ்விகே என்ற மென்பொருள் பல இடங்களில் மேல். அது கேமின் கட்டளைகளை வல்கன் என்ற வேறொரு கிராஃபிக்ஸ் ஏற்பாட்டுக்கு மாற்றித் தருவது. லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்டவென்று எழுதியது. ஸ்டீம் டெக்கில் ஆயிரக்கணக்கான கேம்கள் ஓடுவதும் இதன் தயவால்தான். விண்டோஸிலும் ஃபைலை இதேபோல ஃபோல்டரில் போட்டால் வேலை செய்யும். 2008இல் கணினிக்கு வந்த ‘ஜிடிஏ 4’ இன்றைய கார்டுகளிலும் திக்கித் திணறுவது ஊரறிந்த விஷயம்; டிஎக்ஸ்விகே போட்டு ஆடுபவர்கள் பலர். ஆனால் அதற்கு முகப்பே கிடையாது, எல்லாம் டெக்ஸ்ட் ஃபைலில் எழுத வேண்டும். டைரக்ட்டிரா கேம்களை அது தொடுவதும் இல்லை. ஆக, டைரக்ட்எக்ஸ் 9க்கு முந்தைய கேம் என்றால் முதலில் டிஜிவூடூ. டைரக்ட்எக்ஸ் 9 என்றால் முதலில் டிஎக்ஸ்விகே, சரிவராவிட்டால் டிஜிவூடூ. எதைப் போட்டாலும் தனியாக ஆடும் கேமின் ஃபோல்டரில் மட்டும் போட வேண்டும். ஆன்லைன் கேமின் ஃபோல்டரில் அந்நிய டிஎல்எல் ஒன்றைக் கண்டால், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விசாரித்துக்கொண்டிருக்காது, கணக்கே முடங்கலாம்.