ஒரு சங்கிலி மட்டுமே அறும் என்ற நம்பிக்கை

கடலில் எண்ணெய் எடுக்கும் மிதவைக் கலங்களில் நங்கூரத்துக்கென்று ஓர் அவசரகாலத் திட்டம் இருக்கும். சங்கிலி அறுந்தால் கிணறுகளை எப்போது மூடுவது, யாரை முதலில் ஹெலிகாப்டரில் ஏற்றுவது, எந்த இழுவைக் கப்பலைக் கூப்பிடுவது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். எழுதியிருப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எந்த விபத்தை மனத்தில் வைத்து அதை எழுதுகிறார்கள் என்பதில்தான் கோளாறு.

எப்.பி.எஸ்.ஓ. எனப்படும் இந்தக் கலங்கள் கிணற்றிலிருந்து வரும் எண்ணெயைப் பிரித்துச் சேமித்து டேங்கர்களுக்கு மாற்றிவிடுகின்றன. இருபது ஆண்டுகள்கூட ஓரிடத்தில் நிற்க வேண்டியவை. அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் 2எஸ்கே வழிகாட்டி இதற்கு ஒரு தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. எல்லாச் சங்கிலிகளும் நல்லபடி இருக்கும்போது, ஒவ்வொன்றின் வலுவும் அதன்மேல் விழக்கூடிய உச்ச இழுவையைப்போல் 1.67 மடங்கு இருக்க வேண்டும். ஒன்று அறுந்துபோன நிலையில் மற்றவற்றுக்கு 1.25 மடங்காவது மிஞ்ச வேண்டும். இந்தக் கணக்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒற்றைச் சங்கிலி அறுந்தும் கலம் நின்ற இடத்திலேயே நின்ற சம்பவங்கள் பல. அவை செய்தியாகாததற்குக் காரணமே இந்தக் கணக்குதான்.

ஆனால் 2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டில் உலகெங்கும் 20க்கும் மேற்பட்ட நங்கூரச் சேதங்கள் பதிவாகின. பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலிகள் போயின. 2011 பிப்ரவரியில் வடகடலில் கிரிஃபான் ஆல்ஃபா கலத்துக்கு நேர்ந்தது அப்படித்தான். புயலில் முதலில் ஒரு சங்கிலி அறுந்தது. அதன் வளையமொன்றின் பற்றவைப்பில் பழைய குறை இருந்திருக்கிறது. கலத்தின் முகம் காற்றைவிட்டுத் திரும்பியது. பக்கவாட்டில் அலை வாங்கிய கலத்தின் இழுவையை மற்றவை தாங்கவில்லை. பத்தில் நான்கு போயின. கலம் ஏறக்குறைய 180 மீட்டர் நகர்ந்து, அடியில் இருந்த குழாய்களும் சாதனங்களும் நாசமாயின. உயிர்ச்சேதம் இல்லை, கிணறுகள் மூடப்பட்டன, அவசியமில்லாத ஊழியர்கள் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த அளவில் திட்டம் வேலை செய்தது என்றே சொல்வேன். ஆனால் மறுபடி எண்ணெய் எடுக்க 2013 ஆனது. 2011 டிசம்பரில் வடகடலின் பெட்ரோயார்ல் பான்ஃப் கலத்திலும் பத்தில் ஐந்து அறுந்தன.

ஒரு சங்கிலி போனாலும் மற்றவை நிற்கும் என்னும்போது, அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். ஒரே உலையில் வார்த்த எஃகு, ஒரே ஆண்டில் கடலில் இறங்கி, ஒரே உப்புநீரில் ஒரே வேகத்தில் தேய்கிறது. அங்கோலாவின் ஜிராசோல் வயலில் எண்ணெய் ஏற்றும் மிதவையின் சங்கிலிகள் 2002-இல், போட்ட சில மாதங்களிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. இறுக்கிப் பிடித்திருந்த மேல்நுனி வளையங்கள் பக்கவாட்டில் வளைந்து வளைந்து களைத்துப்போனதே காரணம். அப்படியொரு களைப்பு வரும் என்று வடிவமைப்புக் கணக்கில் யாரும் சேர்த்திருக்கவில்லை.

சங்கிலி அறுந்தது தெரிந்தால்தானே திட்டத்தைத் தொடங்க முடியும்? சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் சங்கிலியின் பெரும்பகுதி கடலடிச் சேற்றில் கிடக்கிறது. நங்கூரத்துக்கு அருகே அறுந்தால், சேற்றின் பிடிப்பே மீதியை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே பொருத்திய சாய்வுமானி காட்டும் கோணத்தில் அதிக மாற்றம் தெரியாது. அமைதியான கடலில் கலமும் இடம் பெயராது. அடுத்த புயல் வரும்வரை, உள்ளது ஒன்பது என்று தெரியாமல் பத்து என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. 2006-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையைப் படித்தால் இது மிகையில்லை என்று புரியும். வடகடல் கலங்களில் 78 சதவீதத்துக்குச் சங்கிலி அறுந்ததைச் சொல்லும் எச்சரிக்கை மணி அப்போது இல்லை. பாதியால் இழுவையை உடனுக்குடன் அளக்க முடியவில்லை. 67 சதவீதத்திடம் மாற்றுச் சங்கிலி இல்லை. எண்கள் இன்று மாறியிருக்கும். ஆனால் எச்சரிக்கை மணியே இல்லாத இடத்தில் ‘சங்கிலி அறுந்ததும்’ என்று தொடங்கும் திட்டத்தை எழுதி வைத்திருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். கோப்பில் எழுதுவதற்குச் செலவில்லை. கடையில் கிடைக்காத அளவுள்ள சங்கிலியை வாங்கிக் கிடங்கில் போடுவதற்குத்தான் செலவு.

இன்னொரு வகைத் திட்டம், ஆபத்து வருமுன்னே சங்கிலிகளைவிட்டுக் கலத்தையே கழற்றிக்கொண்டு போவது. ஆஸ்திரேலியாவின் புயல் கடலிலும் கனடாவின் பனிமலைக் கடலிலும் இதற்கென்றே செய்த கலங்கள் உண்டு. பொறியியலாக மிக அழகான தீர்வு. ஆனால் 2017 மார்ச்சில் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே சீரோஸ் கலம் 84 பேரோடும் லட்சக்கணக்கான பீப்பாய் எண்ணெயோடும் நின்றிருந்தபோது, ஒரு பனிமலை கால் கடல்மைல் எல்லைக்குள் நுழைந்தது. அப்போது கழற்றிப் போயிருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய திட்டம். கழற்றவில்லை. மோதலுக்குத் தயாராகும்படி ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டது. பனிமலை சுமார் 180 மீட்டர் வரை நெருங்கி, மோதாமல் போனது. ஒழுங்குமுறை வாரியம் 2018 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்திவைத்துத்தான் இதற்குப் பதில் கேட்டது. கழற்றினால் உற்பத்தி நிற்கும். பனிமலை விலகிப்போனால் வீண்வேலை என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியிலிருந்து கேப்டனைக் காப்பாற்றும் ஒரு வரியும் இல்லாத திட்டம், நடுராத்திரியில் அவர் கைக்கு வந்து என்ன பயன்?

நம் கடலில் கிளம்பத் தாமதிப்பதன் விலை மனித உயிராகவே இருந்தது. மும்பை ஹை வயலில் ஊழியர்கள் தங்கியிருந்த பி-305 பார்ஜ் எண்ணெய் எடுக்கும் கலமல்ல. சொந்த எஞ்சினும் அதற்கு இல்லை. வானிலைத் துறை சில நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தும், 2021 மே 17-இல் டவ்-தே புயல் வந்தபோது அது 261 பேரோடு வயலிலேயே இருந்தது. நங்கூரங்கள் பிடிவிட்டன, பார்ஜ் அலைந்து ஒரு மேடையில் மோதி மூழ்கியது. 70 பேருக்கும் மேல் இறந்தார்கள். இழுத்துக்கொண்டு போக இழுவைக் கப்பல் வேண்டிய ஒன்றுக்கு, கிளம்பும் நேரம் புயல் தொடங்கும் நேரமாக இருக்கவே முடியாது.

இப்போது மிதக்கும் காற்றாலைகளும் வந்துவிட்டன. ஸ்காட்லாந்துக் கரையில் 2017-இல் தொடங்கிய ஹைவிண்ட் திட்டத்தின் ஐந்து காற்றாலைகளுக்கும் தலா மூன்றே சங்கிலிகள். ஆள் இல்லை, எண்ணெய் இல்லை. ஆகவே சிக்கனம் நியாயம்தான் என்று தொழிலில் வாதாடுகிறார்கள். ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மூன்றில் ஒன்று போனால் காற்றாலை நெடுந்தூரம் நகரும், மின்கம்பியும் உடன் போகும். ஐந்து நிற்கும் இடத்தில் ஐம்பது நின்றால், ஒரே புயலில் எத்தனைக்குத்தான் இழுவைக் கப்பல் தேடுவது?