பார்த்தவர்கள் சொன்ன பலராம்

ஓர் எழுத்தாளன் இறந்துபோனால் அவனுடைய புஸ்தகங்கள் மிஞ்சுகின்றன. இரங்கல் எழுதுகிறவர்கள் எவ்வளவு மோசமாக எழுதினாலும் அவனுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. சங்கீத வித்வானுக்கு இசைத்தட்டு இருக்கிறது. ஆனால், 1963இல் ஆடி முடித்துவிட்ட ஓர் இந்தியக் கால்பந்து ஆட்டக்காரருக்கு என்ன இருக்கிறது? கல்கத்தாவில் தொலைக்காட்சி வந்ததே 1975இல்தான். ஆகவே அவருக்கு மிஞ்சுவது, பத்திரிகையில் வந்த சில வரிகளும் பார்த்தவர்களின் வாய்வார்த்தையும்தான். அத்தகைய ஒருவர் மறைந்தபின் ரசிகர்கள் எழுதுகிற நினைவுகளை நான் இலக்கியத்தைப் படிக்கிற கண்ணோடு படிக்கிறேன். அங்கே எழுத்து கெட்டால் மனிதரே கெட்டுப்போகிறார்.

துளசிதாஸ் பலராம் 2023 பிப்ரவரி 16ஆம் தேதி கொல்கத்தாவில் காலமானார். அவருக்கு வயது 86. 1936இல் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில், ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரஹீம் ஸாஹேப் என்று எல்லோரும் மரியாதையோடு சொன்ன பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் கண்டெடுத்த பிள்ளை. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கு வந்த இந்திய அணியிலும், 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியிலும் இருந்தார். 1957 முதல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஆடினார்; 1961இல் கல்கத்தா லீக் பந்தயத்தில் மட்டும் 23 கோல் போட்டார். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய பதினொரு பேரில் ஒருவர். பிரதீப் குமார் பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது வங்காளத்து வழக்கம். 1963இல் நுரையீரல் நோய் வந்து, இருபத்தேழு வயதுக்குள் ஆட்டத்தை விட்டார். ஆடியது சுமார் ஏழெட்டு வருஷம். அதற்குப்பின் அறுபது வருஷம் பிறர் நினைவில் மட்டுமே ஆட்டக்காரராக இருந்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த நினைவு எப்படிப்பட்டது என்ற கேள்வி அற்பமானதல்ல என்பது விளங்கும்.

அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, குறை சொல்லுகிற அஞ்சலி. சுனி கோஸ்வாமிக்கு 1983இலும், பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்கு அர்ஜுனா விருதோடு சரி. அநியாயம்தான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. தாம் மறக்கப்பட்டதாக அவரே பேட்டிகளில் கசப்போடு சொல்லியிருக்கிறார். அந்தக் கசப்பை மறைக்காமல் எழுதுவது நல்லதே. ஆனால் கட்டுரை முழுவதும் அதுவாகவே இருந்தால் என்ன ஆகிறது? மைதானத்தில் நின்ற மனிதர் மறைந்து, கையில் மனுவோடு வாசற்படியில் காத்திருக்கிற ஒருவர் நம் கண்முன் வருகிறார். அவருக்கு என்ன கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்கிறோம். அவர் என்ன கொடுத்தார் என்று தெரிந்துகொள்வதில்லை.

இரண்டாவது, ஒப்பிடுகிற அஞ்சலி. பேலே 2022 டிசம்பர் 29ஆம் தேதி காலமானார். அதற்குச் சரியாக நாற்பத்தொன்பதாம் நாள் பலராம். எழுதுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 'இந்தியாவின் பேலே' என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இது புகழ்ச்சி போலத் தோன்றும், உண்மையில் சோம்பல். நம் ஊர் எழுத்தாளனை 'தமிழ்நாட்டு மாப்பஸான்' என்று பட்டம் கட்டி மூலையில் உட்காரவைத்த அதே சோம்பல். பேலேயின் ஆட்டம் படமாக இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பலராமின் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. பார்க்க முடிந்ததன் பக்கத்தில் பார்க்க முடியாததைக் கொண்டுபோய் நிறுத்தினால், பின்னது முன்னதன் மங்கலான நகலாகத்தான் மனத்தில் பதியும். பேலே தம் முதல் உலகக் கோப்பையில் ஆடியது 1958இல். பலராம் மெல்போர்னுக்குப் போனது அதற்கு இரண்டு வருஷம் முன்பு. நகல் மூலத்துக்கு முந்திப் பிறப்பதில்லை.

மூன்றாவது, உறவு கொண்டாடுகிற அஞ்சலி. 'நம்மவர், தமிழர்' என்று சொல்லுவது. இதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டில் இழவு விழுந்தபின் வந்து, தூரத்து உறவைச் சொல்லி முன்வரிசையில் உட்காருகிறவரிடமும் பொய் இருப்பதில்லை. பலராம் ஹைதராபாத்தில் வளர்ந்தார், கல்கத்தாவில் புகழ்பெற்றார், ஹூக்ளி நதிக்கரையில் உத்தரபாராவில் தனியாக வாழ்ந்து முடித்தார். உயிரோடிருந்த காலத்தில் நாம் அவரை விசாரித்ததாக எனக்குத் தெரியவில்லை. பேலே போனபோது எங்கள் பாவூர்சத்திரத்துக் கடைத் தூண் ஒன்றில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பையன்களின் துக்கம் உண்மையானது; அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே தூணில் பிப்ரவரியில் ஒன்றும் ஒட்டப்படவில்லை. பலராம் நம்மவர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அவருடைய ஆட்டத்தில் ஏதாவது ஒன்றாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் தானாக வருகிறது. ரசனையைத்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

நல்ல அஞ்சலி எப்படி இருக்கும் என்று கேட்கலாம். நான் கேட்டவற்றில் சிறந்தது அச்சில் வந்ததல்ல. எங்கள் ஊர் செங்கோட்டைக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதுகிற ஊர். காய்கறிச் சந்தையிலிருந்து லாரிகள் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும். போன லாரிகள் திரும்பி வரும்போது கால்பந்துப் பேச்சையும் ஏற்றிக்கொண்டு வரும். 2022 உலகக் கோப்பைச் சமயத்தில், கோழிக்கோட்டுப் பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு உருவங்கள் நிறுத்தியிருந்ததை, தேர்த் திருவிழாவைச் சொல்லுவதுபோல டிரைவர்கள் சொன்னார்கள். இப்படிப்பட்ட பேச்சு நடந்த ஒரு சாயங்காலத்தில்தான், வாலிபத்தில் கல்கத்தாவில் வேலை பார்த்த ஒரு முதியவர் பலராமைப் பற்றி வாய் திறந்தார். "எத்தனை கோல் பாத்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கோலா? கோல் போட்டா எல்லாவனுந்தான் கத்துவான் தம்பி. அதுல என்ன இருக்கு? பலராம் கால்ல பந்து வந்தா, பக்கத்துல நிக்கவன் பேச்ச நிப்பாட்டிருவான். கடலை தின்னுக்கிட்டு இருந்தவன் வாய் அப்படியே நிக்கும். மழை பெஞ்சுக்கிட்டு இருக்கும், ஒருத்தனும் குடைய விரிக்க மாட்டான், பின்னால நிக்கவனுக்கு மறைக்கும்லா? அதத்தான் சொல்லுதேன்."

அவ்வளவுதான். இதில் அடைமொழி ஒன்றுகூட இல்லை. 'மாபெரும்', 'ஈடு இணையற்ற', 'மின்னல் வேக' என்பவை இல்லை. ஆட்டக்காரரைப் பற்றி நேராக ஒரு வார்த்தையும் இல்லை. பார்த்தவர்களைப் பற்றித்தான் இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் பலராம் எத்தகைய ஆட்டக்காரர் என்று புரிந்துவிடுகிறது. பந்து காலுக்கு வந்ததும் அடுத்து என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தவறவிட ஒருவருக்கும் மனமில்லை. கம்பனுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். மிதிலை வீதியில் இராமன் போகும்போது அவன் இராமனை விஸ்தரிப்பதைவிட, பார்த்த பெண்களின் கண்களை விஸ்தரிக்கிறான். ஓர் அங்கத்தில் விழுந்த கண் அதைவிட்டு நகரவில்லை என்று சொன்னால், முழு அழகையும் நாமே ஊகித்துக்கொள்கிறோம்.

நடுகல் நட்ட நம் முன்னோருக்கும் இது தெரிந்திருந்தது. செங்கம் பக்கத்து நடுகற்களில் எழுதியிருப்பதைப் படித்தால், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்த மாட்டுச் சண்டையில் விழுந்தான் என்று மட்டுமே இருக்கும். ஒப்பாரி இல்லை. கல்லில் எழுத்தை வெட்டுகிறவன் வீண் வார்த்தை வெட்ட மாட்டான், கை வலிக்கும். நமக்கும் எழுதும்போது கொஞ்சம் கை வலித்தால் நல்லது.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம். அறுபது வருஷத்து ஞாபகத்தை நம்பலாமா? கிழவர்களின் வாயில் பந்து பெரிதாகிக்கொண்டே போகாதா? போகும். நாவல் எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். ஞாபகமும் கற்பனையும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. அதனால்தான் பதிவேடும் வேண்டும் என்கிறேன். 1962 செப்டம்பர் 4ஆம் தேதி ஜகார்த்தாவில் தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. அந்த இரண்டு கோலையும் போட்டவர்கள் பானர்ஜியும் ஜர்னயில் சிங்கும். ஜர்னயில் சிங் பின்வரிசைக் காவலர். தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். ரஹீம் அவரை முன்வரிசையில் நிறுத்தினார். பலராம் கோல் போட்டது அந்தத் தொடரில் தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் எதிராக. ஆர்வத்தில் ஒருவர் இறுதியாட்டக் கோலையும் பலராமுக்குக் கொடுத்துவிட்டால், அது பலராமுக்குச் செய்யும் மரியாதை அல்ல. தையல் போட்ட தலையோடு ஆடியவரிடமிருந்து திருடுவது. புகழிலும் சொந்தக்காரன் உண்டு.

ஆனால் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு படித்தால், இறுதியாட்டத்தில் பலராம் இருந்தாரா என்பதே தெரியாது. பதிவேட்டுக்குத் தெரிந்தது கோல் மட்டும்தான். தொண்ணூறு நிமிஷத்தில் கோல் விழுகிற நேரம் சில விநாடிதான். மீதி நேரத்தில் யார் பந்தை வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்பதற்கெல்லாம் கணக்கு இல்லை. தாம் கோல் போட்டது போலவே பிறருக்குப் போட வழிசெய்து கொடுத்தவர் பலராம். அப்படிப்பட்ட ஆட்டக்காரரைப் பதிவேடு பாதிக்கு மேல் தொலைத்துவிடுகிறது. ரோமில் ஹங்கேரிக்கு எதிராக அவர் போட்ட கோல் பதிவேட்டில் உண்டு. இந்தியா 1-2 என்று தோற்றது. அந்த ஹங்கேரி வெண்கலம் வாங்கிய அணி. அதில் ஆடிய ஃப்ளோரியன் ஆல்பர்ட் 1967இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இப்படிப்பட்டவர்களோடு சமமாக நின்றார்கள் என்று பதிவேடு சொல்லும். எப்படி நின்றார்கள் என்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

2024இல் 'மைதான்' என்ற ஹிந்திப் படம் வந்தது. ரஹீமின் கதை, ஜகார்த்தா ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டியிருக்கிறார்கள். பலராம் என்ற பெயரை முதன்முதலில் அதில் கேட்ட இளைஞர்கள் இருப்பார்கள். அந்த அளவுக்குப் படம் புண்ணியம் செய்திருக்கிறது. ஆனால் சினிமாவுக்கு ஒரு பலம் உண்டு, அதுவே அபாயமும் கூட. ஒருமுறை ஒரு நடிகரின் முகத்தைக் காட்டிவிட்டால், பிறகு அந்த முகம் போகாது. பார்த்தவர்களின் வார்த்தை எழுத்தில் ஏறாமல் போனால், இன்னும் பத்து வருஷத்தில் அந்த நடிகர்களின் கால்கள்தான் பானர்ஜி, கோஸ்வாமி, பலராமின் கால்கள் என்று ஆகிவிடும்.

பானர்ஜி 2020 மார்ச் 20ஆம் தேதி போனார். அடுத்த மாதம் 30ஆம் தேதி, ஊரடங்கு நடுவில், சுனி கோஸ்வாமி போனார். ரசிகர்கள் கூடி வழியனுப்பக்கூட முடியவில்லை. பலராமோடு அந்த மூவரும் முடிந்தார்கள். 1962இல் பதினைந்து வயதாக இருந்த ரசிகர் இன்று எண்பதை நெருங்குகிறார். அவர்களுக்கு எழுத வராமல் இருக்கலாம், சொல்ல வரும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுவதற்கு ஆள் வேண்டும். எந்த மைதானம், எந்தப் பக்கம் நின்றீர்கள், மழையா வெயிலா, பந்து எங்கிருந்து வந்தது, உங்கள் பக்கத்திலிருந்தவர் என்ன செய்தார் என்று கேட்டால் போதும். அவர் எப்படிப்பட்ட மேதை என்று மட்டும் கேட்க வேண்டாம். கேட்டால் அடைமொழிதான் கிடைக்கும்.